பெர்கனில் கப்பல் நிற்கும் ஒரு நாள்: இலையுதிர்காலப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கனுக்கு செப்டம்பர் முதல் நவம்பர் வரை வரும் க்ரூஸ் கப்பல்கள் பெரும்பாலும் காலையில் துறைக்கு வந்து மாலையில் கிளம்பிவிடும். உங்கள் கையில் இருப்பது ஏழெட்டு மணி நேரம். மழை பெய்யும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள், பெய்யாவிட்டால் லாபம். முன்பதிவு ஒன்று போதும். மற்றதையெல்லாம் அன்று காலை வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்தக் கணக்கில் எழுதியவைதான்.

பெர்கன் என்றாலே மழை என்கிறார்களே, அவ்வளவு மோசமா?

மழை அதிகம்தான். ஆண்டுக்கு 2,200 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் தென்மேற்குக் காற்று ஈரத்தைச் சுமந்துகொண்டு வந்து, நகரைச் சுற்றியுள்ள மலைகளில் மோதி, மேலேறிக் குளிர்ந்து கொட்டிவிடுகிறது. செப்டம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில்தான் இது உச்சம். 2006 அக்டோபர் 29 தொடங்கி 2007 ஜனவரி 21 வரை 85 நாள் விடாமல் மழை பதிவான ஊர் இது.

ஆனால் அது பேய்மழையாகக் கொட்டித் தீர்ப்பது குறைவு. சன்னமாக, சளைக்காமல், மணிக்கணக்கில் பெய்யும். இப்படிப்பட்ட மழையில் ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிறார்கள், குழந்தைகள் வெளியே விளையாடுகிறார்கள், கடைகள் திறந்திருக்கின்றன. பயணியைப் படுத்துவது காற்றுதான். காற்று சேர்ந்தால் மழை பக்கவாட்டில் வந்து முகத்தில் அடிக்கும். அதற்கு ஏற்ற உடை இல்லாதவர்கள் பதினோரு மணிக்கே கப்பலுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

செப்டம்பரா, அக்டோபரா, நவம்பரா? எதில் பதிவு செய்வது?

மழை மூன்றிலும் உண்டு. வித்தியாசம் வெளிச்சத்தில்தான். செப்டம்பர் நடுவில் காலை 7 மணிக்குச் சூரியன் உதித்து இரவு 8 மணியளவில் மறைகிறது. அக்டோபர் நடுவில் உதயம் 8.20 வாக்கில், மறைவு 6.30 வாக்கில். நவம்பர் நடுவில் 8.40-க்கு விடிந்து மாலை 4 மணி தாண்டியதும் இருட்டிவிடும். கப்பல் காலை 7 மணிக்கு வந்தாலும் நவம்பரில் முதல் ஒன்றரை மணி நேரம் தெருவிளக்கு வெளிச்சத்தில்தான் நடக்க வேண்டும்.

பகல் வெப்பநிலை செப்டம்பரில் 15 டிகிரி வரை போகும், அக்டோபரில் 11, 12. நவம்பரில் 8 டிகிரியைத் தொட்டால் நல்ல நாள். மலைச்சரிவில் இலைகள் மஞ்சளாகிப் பார்க்க அழகாக இருப்பது செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் பாதியிலும். தேதி உங்கள் கையில் இருந்தால் செப்டம்பர் இரண்டாம் பாதியை எடுங்கள்: வெளிச்சம் இருக்கும், கோடைக் கூட்டம் கரைந்திருக்கும், பெரும்பாலான இடங்கள் இன்னும் திறந்திருக்கும்.

கோடைக்கு மட்டும் திறக்கும் இடங்கள் சில உண்டு. ஃபான்டோஃப்ட் மரத் தேவாலயம் செப்டம்பர் நடுவோடு உள்ளே போகும் வழியை மூடிவிடும். பழைய மரவீடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் 'பழைய பெர்கன்' திறந்தவெளி அருங்காட்சியகமும் கோடைக்கால இடம்தான். பழைய பயணக் குறிப்புகளை நம்பி அங்கே டாக்சியில் போய் இறங்கிவிடாதீர்கள்.

எங்களிடம் இந்திய பாஸ்போர்ட். ஒரே நாள்தானே, விசா வேண்டுமா?

வேண்டும். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா இல்லாவிட்டால் கரையில் இறங்க முடியாது. பல கப்பல் நிறுவனங்கள் புறப்படும் துறையிலேயே ஏற்ற மறுத்துவிடும். "நான் பெர்கனில் இறங்கமாட்டேன், கப்பலிலேயே இருக்கிறேன்" என்ற சமாதானம் அங்கே எடுபடாது.

பலர் கோட்டை விடுவது எத்தனை முறை நுழையலாம் என்பதில். ஹாம்பர்க்கில் ஏறி, நார்வே துறைகளை மட்டும் பார்த்து, ஹாம்பர்க்கிலேயே இறங்கினால் ஒருமுறை நுழைவு விசா போதும். வழியில் ஸ்காட்லாந்தின் லெர்விக், கிர்க்வால் போன்ற துறை ஒன்று இருந்தால் ஷெங்கனை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். பலமுறை நுழைவு விசா இல்லாவிட்டால் சிக்கல். சௌத்தாம்ப்டனில் ஏறுபவர்களுக்கு பிரிட்டன் விசாவும் தனியாக வேண்டும். ஷெங்கனுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள். அதற்கு முன்னால் நேர்காணல் தேதி கிடைப்பதில்தான் தாமதமாகும், ஆகவே அதை முதலில் பிடியுங்கள்.

பிரிட்டன், கனடா, சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை.

கப்பல் எங்கே நிற்கும்? ஊருக்குள் நடந்து போகலாமா?

இரண்டு இடங்கள். ஒன்று ஸ்கோல்டன், பெர்கன்ஹூஸ் கோட்டையை ஒட்டியது. இங்கே நின்றால் அதிர்ஷ்டம்: இறங்கி வலப்பக்கம் கோட்டை மதில் தெரிய நடந்தால் பத்து நிமிடத்தில் பிரிக்கன் மரவீட்டு வரிசை, பதினைந்து நிமிடத்தில் மீன் சந்தை. வண்டியே வேண்டாம்.

மற்றது யெக்டெவீக்கன், டோக்கன் பகுதி, ஊரின் மறுபக்கம். சரக்குத் துறைமுகம் என்பதால் உள்ளே நடக்க விடமாட்டார்கள். இலவச ஷட்டில் பேருந்தில்தான் வெளியே வர வேண்டும். வாசலிலிருந்து மீன் சந்தைக்கு 15 முதல் 20 நிமிட நடை. திரும்பும்போதும் அதே ஷட்டில்தான். கடைசி ஒரு மணி நேரத்தில் மழையில் நனைந்தபடி வரிசை நீளும் என்பதால் இருபது முப்பது நிமிடம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தத் துறை என்பதை பெர்கன் துறைமுகத்தின் இணையதளத்தில் உள்ள கப்பல் வருகைப் பட்டியலில் முன்கூட்டியே பார்க்கலாம். அதே பட்டியலில் அன்று வேறு எத்தனை கப்பல் வருகிறது என்பதும் தெரியும். உங்களுடையது மட்டும் என்றால் மலை ரயிலுக்கு அவசரம் வேண்டாம். இன்னும் இரண்டு பெரிய கப்பல் இருந்தால் முதல் ஆளாக இறங்குங்கள்.

கப்பல் நேரம், ஊர் நேரம் என்கிறார்களே?

சௌத்தாம்ப்டனிலிருந்து வரும் சில கப்பல்கள் பிரிட்டன் நேரத்திலேயே ஓடும். நார்வே அதைவிட ஒரு மணி நேரம் முன்னால். உங்கள் கைபேசி கரையில் சிக்னல் கிடைத்ததும் தானாக நார்வே நேரத்துக்கு மாறிவிடும், கைக்கடிகாரம் மாறாது. குடும்பத்தில் ஒருவர் ஒன்றைப் பார்த்து, இன்னொருவர் மற்றதைப் பார்த்தால் குழப்பம்தான். கப்பலின் தினசரித் தாளில் போட்டிருப்பது கப்பல் நேரம். இறங்கும் வாசலில் இருக்கும் பலகையில் 'அனைவரும் ஏறவேண்டிய நேரம்' எழுதியிருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அது கப்பல் கிளம்பும் நேரத்துக்கு வழக்கமாக அரைமணி முன்னால் இருக்கும்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும். அந்த வாரம் பயணம் என்றால் இரட்டைக் கவனம்.

குடையா, ரெயின்கோட்டா?

குடையைக் கப்பலிலேயே விட்டுவிடுங்கள். காற்றடித்த நாளில் பெர்கன் தெருக்களின் குப்பைத் தொட்டிகளில் கம்பி முறிந்த குடைகள் தலைகீழாகச் செருகியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை அன்று காலை வாங்கியவை.

தேவையானது தொப்பியுள்ள, தையல் இடங்கள் உள்பக்கம் டேப் ஒட்டி அடைக்கப்பட்ட மழை ஜாக்கெட். லேபிளில் 10,000 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீர்தாங்கும் அளவு இருக்கட்டும். நம் ஊர் டூவீலர் ரெயின்கோட் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் வியர்வையை வெளியே விடாது. மேடேறினால் உள்ளிருந்தே நனைந்துவிடுவீர்கள். பயன்பட்டுவிடும் என்று வாங்கும் மெல்லிய பிளாஸ்டிக் பான்சோ காற்றில் முகத்தில் வந்து மூடும்.

ஜாக்கெட்டை விட பேண்ட்தான் பலருக்கு மறந்துபோகிறது. ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் அன்று முழுக்கக் காயாது, தொடையில் ஒட்டிக்கொண்டு உடல் சூட்டை உறிஞ்சும். மேலே மாட்டிக்கொள்ளும் மழை பேண்ட் ஒன்று பையில் இருந்தால் போதும். உள்ளே பருத்தி வேண்டாம். கம்பளி அல்லது பாலியெஸ்டர் உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ், அதன் மேல் மழை ஜாக்கெட். கடைக்குள் நுழைந்தால் ஹீட்டர் சூடு தாக்கும் என்பதால் கழற்றி மாட்ட வசதியான அடுக்குகளே நல்லது.

காலணிக்கு அடிப்பகுதி பிடிமானம் முக்கியம். பிரிக்கனின் சந்துகளில் பாவியிருக்கும் மரப்பலகையும் சரிவான தெருக்களின் கல்லும் ஈரத்தில் வழுக்கும். ஒரு ஜோடி மாற்று சாக்ஸை ஜிப் கவரில் போட்டு எடுத்துப் போங்கள், மதியம் மாற்றியதும் நாள் புதிதாகும்.

கண்ணாடி போடுபவர்கள் ஜாக்கெட் தொப்பிக்குள் முன்விளிம்புள்ள கிரிக்கெட் தொப்பி ஒன்றை அணியுங்கள். விளிம்பு மழையைத் தடுக்கும், தொப்பி கண்ணை மறைக்காது. ஈரமான திரையில் கைபேசி விரலுக்குக் கட்டுப்படாது. துடைக்க சிறிய பருத்தித் துணி ஒன்றை உள்பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சேலைதான் கட்டுவேன் என்கிறார்.

கட்டட்டும். உள்ளே பாவாடைக்குப் பதில் தெர்மல் லெக்கிங்ஸ், கம்பளி சாக்ஸ், பிடிமானமுள்ள ஷூ. சேலை பருத்தியாக இல்லாமல் சீக்கிரம் காயும் செயற்கை இழையாக இருக்கட்டும், கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே நிற்கும்படி கட்டினால் ஓரம் தண்ணீரை இழுக்காது. மேலே முழங்கால் வரை வரும் மழைக் கோட். சங்கடம் வருவது படிகளிலும் ஈரப் பலகையிலும்தான். ஒரு கை பிடித்துக்கொள்ள ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அன்று காலை வானிலையை எப்படிப் படிப்பது?

நார்வே வானிலை நிறுவனமும் என்.ஆர்.கே. ஒலிபரப்பும் சேர்ந்து நடத்தும் ஒய்.ஆர். என்ற இலவசச் செயலியை முதல் நாளே இறக்கிக்கொள்ளுங்கள். பத்து நாள் முன்னால் அதில் பார்த்துக் கவலைப்படுவது வீண். எல்லா நாளுக்கும் மழைத்துளிப் படம்தான் போட்டிருக்கும். முதல் நாள் இரவு மணிவாரியான அட்டவணையையும், இறங்கும்போது ரேடார் படத்தையும் பாருங்கள்.

மணிக்கு அரை மி.மீ.க்குள் என்றால் தூறல், தாராளமாக நடக்கலாம். ஒன்று இரண்டு மி.மீ. என்றால் முழு மழை உடை. மூன்றுக்கு மேல் போகும் மணிகளை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். காற்று வினாடிக்கு மீட்டரில் இருக்கும். 10-ஐத் தாண்டினால் திறந்த இடங்களில் நிற்பது சுகமாக இராது.

மழையில் இரண்டு விதம் உண்டு. அட்டவணையில் ஆறேழு மணி நேரத்துக்குத் தொடர்ச்சியாக எண்கள் நிரம்பியிருந்தால் ஒரு முகப்பு, அதாவது சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லை, கடந்து போகிறது. மேகம் தாழ்ந்து மலை மறைந்திருக்கும், அது போகும்வரை மேலே போய்ப் பயனில்லை. ஒரு மணி மழை, ஒரு மணி வெயில் என்று மாறி மாறி இருந்தால் விட்டுவிட்டு வரும் சாரல். இடைவெளியில் காற்று கழுவிவிட்டதுபோல் துல்லியமாக இருக்கும், கடலில் தீவுகள் வரை தெரியும். மலைக்கு அதுவே உகந்த நாள். முகப்பு என்ற இந்தக் கருத்தே இங்கே பிறந்ததுதான்: 1917-இல் பெர்கனுக்கு வந்த வில்ஹெல்ம் பியர்க்னெஸும் அவர் குழுவினரும்தான் நவீன வானிலைக் கணிப்புக்கு அடித்தளம் போட்டவர்கள். ஆராய்ச்சிக்கு மழைப் பஞ்சம் இருந்திருக்காது.

ஃப்ளோயன் மலை ரயிலுக்கு எப்போது போவது?

கப்பல் தளத்திலிருந்து அண்ணாந்து பாருங்கள். மலை உச்சியில் வெள்ளைக் கட்டடம் தெரிகிறதா? அப்படியானால் வேறு எதையும் பார்க்காமல் நேரே அங்கே போங்கள். மறைந்திருந்தால் ஊரைச் சுற்றிவிட்டு மதியம் மறுபடி பாருங்கள். மலையின் நேரடி வெப்கேமரா ஃப்ளோயன் ரயிலின் இணையதளத்தில் இருக்கிறது. ஏறுவதற்கு முன் ஒரு தடவை அதைப் பார்த்தால் மேகத்துக்குள் போய் நின்றுவிட்டு வரும் செலவு மிச்சம்.

பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு இது பழகின விஷயம்தான்: கேபிளால் இழுக்கப்படும் இரண்டு பெட்டிகள், ஒன்று ஏற மற்றது இறங்கும். 1918-இல் தொடங்கிய சேவை. கீழ் நிலையம் மீன் சந்தையிலிருந்து 150 மீட்டர். ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் 320 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். டிக்கெட்டை ஆன்லைனில் வாங்கினால் டிக்கெட் வரிசை மட்டும்தான் மிச்சமாகும், ஏறும் வரிசை எல்லோருக்கும் ஒன்றே. பெரிய கப்பல்களின் சுற்றுலாக் குழுக்கள் பத்து மணியிலிருந்து வரத் தொடங்கும். ஒன்பது மணிக்குள் ஏறிவிட்டால் நிம்மதி.

மேலே காட்சிமேடையில் பதினைந்து நிமிடம் நின்றுவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கம் பத்து நிமிடம் நடந்தால் ஸ்கோமாக்கர்டீக்கெ என்ற சிறு ஏரி. தூறலில் பைன் மரங்களும் பாசியும் சேர்ந்து அந்தக் காட்டுப் பாதை மேடையை விட நன்றாக இருக்கும். ஒருவழி டிக்கெட் எடுத்து நடந்தும் இறங்கலாம். சுமார் 3 கி.மீ., முக்கால் மணி. பாதை நல்ல பாதை, ஆனால் ஈர இலைகள் மூடியிருக்கும், இறக்கம் முழங்காலைப் பிடிக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ரயிலிலேயே இறங்குங்கள்.

உல்ரிக்கன் இன்னும் உயரமாமே?

643 மீட்டர், நகரைச் சுற்றியுள்ள ஏழு மலைகளில் உயர்ந்தது. ரோப் காரில் ஏறலாம். டிராம் இரண்டாம் தடத்தில் ஹௌக்கெலான் மருத்துவமனை நிறுத்தத்தில் இறங்கி சிறிது நடை. ஆனால் உயரம் கூடக்கூட மேகத்துக்குள் போகும் வாய்ப்பும் கூடும், காற்று பலத்தால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். தெளிவான நாளில் மட்டும் போங்கள். உல்ரிக்கனிலிருந்து ஃப்ளோயனுக்கு மலை மேலாகவே நடந்து வரும் பாதை புகழ்பெற்றது. ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது, இலையுதிர்காலப் பனிமூட்டத்தில் வழி தவறும். கப்பல் பயணிக்கு அது வேண்டாம்.

நாள் முழுக்க மலை மூடியிருந்தால் என்ன செய்வது?

ஊரின் சிறந்த பகுதி கூரைக்குக் கீழேதான் இருக்கிறது.

பிரிக்கனிலிருந்து தொடங்குங்கள். துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் கூர்க்கூரை மரவீடுகள். 1979 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில். 1360 வாக்கில் ஹன்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இங்கே அலுவலகம் வைத்து, வடக்கிலிருந்து வந்த உலர்மீனை வாங்கி, பதிலுக்குத் தானியம் விற்றார்கள். 1702 தீயில் எரிந்ததைப் பழைய அமைப்பிலேயே மறுபடி கட்டியதுதான் இன்று நாம் பார்ப்பது. முகப்பைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடாமல் இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள சந்தில் நுழையுங்கள். மேல்மாடிகள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் பாதி மழை உள்ளே விழாது. பலகைச் சுவர்கள் ஒன்றை ஒன்று சாய்ந்து நிற்கும். தாரும் ஈர மரமும் கலந்த வாசனை வரும்.

அங்கிருந்து பின்னால் போனால் ஷோட்ஸ்டூயெனெ. தீப் பயத்தால் வணிகர்களின் வீடுகளில் அடுப்பு மூட்டத் தடை. சமைக்க, குளிர்காய, கூடிப் பேச என்று தனியாகக் கட்டிய கூடங்கள் இவை. நடுங்கிக்கொண்டு உள்ளே போகும் பயணிக்கு இதன் அருமை விளக்காமலே புரியும். பக்கத்திலேயே பன்னிரண்டாம் நூற்றாண்டு மரியா தேவாலயம், நகரில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கட்டடம். அடுத்து பிரிக்கன் அருங்காட்சியகம்: 1955-இல் ஒரு பகுதி மறுபடி எரிந்தபோது அடியில் கிடைத்த பழைய நகரத்தின் அடித்தளம் அப்படியே உள்ளே இருக்கிறது. மரக்குச்சிகளில் பொறித்த, ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் இங்கே அறுநூறுக்கும் மேல் கிடைத்தன. சரக்குச் சீட்டும் உண்டு, காதல் குறிப்பும் உண்டு. இந்த மூன்றுக்கும் சேர்த்து இரண்டரை மணி நேரம் வையுங்கள். முகப்பு வரிசையின் கோடியில் இருக்கும் பழைய ஹன்சா அருங்காட்சியகக் கட்டடம் 2018 முதல் நீண்ட பராமரிப்புக்காக மூடப்பட்டது. போகும் முன் நிலவரம் பாருங்கள்.

ஸ்கோல்டனில் கப்பல் நிற்பவர்கள் திரும்பும் வழியில் ஹோகோன் மண்டபத்தைப் பார்க்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மன்னர் ஹோகோன் கட்டிய கல் மண்டபம். 1944 ஏப்ரல் 20 அன்று துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்ததில் கூரை பறந்து, போருக்குப் பின் சீரமைக்கப்பட்டது.

ஓவியம் பிடிக்கும் என்றால் நகர நடுவிலுள்ள சிறு ஏரிக்கரையில் கோடெ கலைக்கூடங்கள் வரிசையாக இருக்கின்றன. ராஸ்முஸ் மையர் கட்டடத்தில் எட்வர்ட் முங்க்கின் ஓவியங்கள் உண்டு. நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அதை எடுங்கள்.

கப்பல் நிற்கும் நேரத்தில் ஃபியோர்ட் பார்க்க முடியுமா?

ஃபியோர்ட் என்பது செங்குத்தான மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீண்டு வரும் கடல். ஃப்ளோம் ரயில், நேரய் ஃபியோர்ட் எல்லாம் சேர்ந்த புகழ்பெற்ற சுற்று ஒரு முழு நாள் வேலை. பெர்கனிலிருந்து மிர்டால் வரை ரயிலில் இரண்டு மணி, அங்கிருந்து ஃப்ளோம் இறங்க ஒரு மணி, அதன் பிறகு படகு, பேருந்து, மறுபடி ரயில். ஒரு இணைப்பு தாமதமானாலும் கப்பல் போய்விடும். உங்கள் கப்பலே அடுத்து ஃப்ளோம் போகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

பெர்கனிலிருந்தே நடக்கக்கூடியது மோஸ்ட்ரௌமன் படகுப் பயணம். மீன் சந்தையை ஒட்டிய துறையிலிருந்து கிளம்பி, ஓஸ்டர் ஃபியோர்டுக்குள் போய், ஒடுங்கிய நீரிணையைத் தொட்டு, மூன்றரை மணிக்குள் திரும்பிவிடும். சூடான உள் இருக்கைகள் உண்டு. மழை நாளில் இதை ஒதுக்காதீர்கள்: சாதாரண நாளில் ஒன்றிரண்டு அருவி இருக்கும் பாறையில் மழைக்குப் பின் இருபது வெள்ளைக் கோடுகள் இறங்கும். ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரே முன்பதிவை இதற்குச் செய்யலாம். ஒன்று மட்டும்: கப்பல் வரும் நேரத்துக்கும் படகு கிளம்பும் நேரத்துக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை மணி இருக்கட்டும், வட கடலில் அலை இருந்தால் கப்பல் தாமதமாகத்தான் வரும்.

ட்ரோல்ஹௌகன்?

இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக்கின் வீடு, 1885-இல் கட்டியது. ஏரியைப் பார்த்தபடி அவர் இசை எழுதிய சிறு குடில் கீழே இருக்கிறது. டிராம் முதல் தடத்தில் ஹோப் நிறுத்தம், அங்கிருந்து 20 முதல் 25 நிமிட நடை, மழையில் அது நீளமாகத் தெரியும். போய்வர மூன்று மணி. மேற்கத்திய செவ்வியல் இசையில் ஈடுபாடு இல்லாவிட்டால் ஊரிலேயே இருங்கள். டிராம் டிக்கெட்டை ஸ்கிஸ் செயலியிலோ நிறுத்தத்து இயந்திரத்திலோ ஏறும் முன்பே வாங்க வேண்டும். பரிசோதகர் பிடித்தால் சுற்றுலாப் பயணி என்று விடமாட்டார்.

சாப்பாட்டுக்கு என்ன? நாங்கள் சைவம்.

காலை கப்பலில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குவதுதான் சிக்கனம். ஊரில் உட்கார்ந்து சாப்பிடும் விலை மலைக்க வைக்கும். சைவர்களுக்கு நம்பகமானது பேக்கரிகள்: இலவங்கப்பட்டை தூவிச் சுருட்டிய ஸ்கில்லிங்ஸ்போல்லெ பெர்கனின் சொந்தச் சரக்கு, உள்ளங்கை கொள்ளாத அளவில் இருக்கும். முட்டை சேர்ந்ததா என்று கேட்டு வாங்குங்கள். 'காய்கறி சூப்' என்று பலகையில் இருந்தாலும் அடிச்சாறு மீனிலோ இறைச்சியிலோ செய்ததாக இருக்கலாம். இந்திய உணவகங்கள் நகர நடுவில் உண்டு, பல மதியத்துக்குப் பிறகுதான் திறக்கும். குழாய்த் தண்ணீர் அருமையானது. பாட்டில் வாங்க வேண்டாம்.

அசைவர்கள் பெர்கன் மீன் சூப்பைத் தவறவிடக் கூடாது. க்ரீம் சேர்த்த, லேசான புளிப்பும் இனிப்புமான சூப். குளிர்ந்த கைக்குக் கிண்ணமே சூடு.

மீன் சந்தையில் என்ன வாங்கலாம்?

வெளிக் கடைகள் கோடைக்கானவை, செப்டம்பரோடு குறைந்துவிடும். உள் அரங்கம் ஆண்டு முழுக்க இயங்கும். பார்க்கப் போங்கள், விலை பயணிகளுக்கான விலை. திமிங்கில இறைச்சியோ அதில் செய்த பொருளோ வாங்கி ஊருக்குக் கொண்டுவராதீர்கள். நார்வேயில் விற்பது சட்டப்படி சரி, ஆனால் இந்தியா உட்படப் பெரும்பாலான நாடுகளின் சுங்கத்தில் குற்றம்.

ரொக்கம் மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. கழிப்பறைக் கதவு வரைக்கும் அட்டையில்தான். விசா அல்லது மாஸ்டர்கார்டு வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கிறதா என்று வங்கியில் கிளம்பும் முன் உறுதி செய்யுங்கள். இயந்திரம் "ரூபாயிலா, குரோனரிலா?" என்று கேட்டால் குரோனரைத் தேர்ந்தெடுங்கள், ரூபாயைத் தொட்டால் மோசமான மாற்று விகிதம்.

கம்பளி ஸ்வெட்டர் போன்ற பெரிய பொருள் வாங்கினால் 315 குரோனருக்கு மேல் என்றால் கட்டிய வரி திரும்பக் கிடைக்கும். கடையில் படிவம் கேளுங்கள், பொருளைப் பிரிக்காமல் வையுங்கள், நார்வேயை விட்டு வெளியேறும் கடைசித் துறையில் முத்திரை வாங்குங்கள். அந்தத் துறையில் கவுன்டர் எத்தனை மணிக்கு மூடும் என்பதைக் கப்பலில் முன்பே விசாரிக்காவிட்டால் பணம் போனதுதான்.

ஞாயிறு அல்லது திங்களில் கப்பல் வந்தால்?

ஞாயிறன்று துணிக்கடைகளும் வணிக வளாகங்களும் மூடியிருக்கும். நினைவுப்பொருள் கடைகளும் சில சிறு மளிகைக் கடைகளும் மட்டும் திறக்கும். மழை ஜாக்கெட்டை அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தவர்கள் அன்று மாட்டிக்கொள்வார்கள். திங்களன்று சீசன் இல்லாத மாதங்களில் சில அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை. இணையதளத்தில் நேரம் பாருங்கள்.

சக்கர நாற்காலியில் பெற்றோரை அழைத்துப் போகலாமா?

ஃப்ளோயன் ரயிலில் தாராளமாக ஏற்றலாம், மேலேயும் மேடை சமதளம். துறைமுக ஓரச் சாலையும் பரவாயில்லை. பிரிக்கனின் உள் சந்துகளில் பலகைகள் மேடு பள்ளமாக இருக்கும், நாற்காலிச் சக்கரம் இடுக்கில் சிக்கும். முகப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. சிறு குழந்தைகளோடு வருபவர்களுக்கு நூர்ட்னெஸ் முனையில் உள்ள கடல்வாழ் உயிரினக் காட்சியகம் மழைக்கு நல்ல புகலிடம்; மீன் சந்தையிலிருந்து நடந்தால் இருபது நிமிடம்.

நார்தர்ன் லைட்ஸ் தெரியுமா?

வானில் தெரியும் அந்தத் துருவ ஒளிக்காகப் பெர்கனை நம்பி வராதீர்கள். தெற்கே இருக்கிறது, மேகமும் அதிகம். ட்ரோம்சோ போன்ற வடதுறைகளுக்குப் போகும் பயணத்தில்தான் வாய்ப்பு.

புயல் என்று கப்பல் பெர்கனுக்கு வராமலே போகுமா?

போகலாம், ஆனால் மற்ற துறைகளை விடக் குறைவு. சோட்ரா, அஸ்கொய் போன்ற தீவுகள் திறந்த கடலை மறைத்து நிற்கின்றன, கப்பல் நேரே துறை மேடையில் கட்டுகிறது, சிறு படகில் மாறி இறங்கும் வேலை இல்லை. தாமதம்தான் பொதுவான தொல்லை. துறை ரத்தானால் கப்பல் நிறுவனத்தின் மூலம் பதிவு செய்த சுற்றுக்குப் பணம் திரும்பும். வெளியே நீங்களாக வாங்கிய டிக்கெட்டுக்கு அந்தந்த நிறுவனத்தின் ரத்து விதிதான். வாங்கும்போதே அந்த வரியைப் படியுங்கள்.

கப்பலைத் தவறவிட்டால்?

தினசரித் தாளில் துறைமுக முகவரின் எண் இருக்கும். அதற்கு முதல் அழைப்பு. அடுத்த துறைக்குச் சொந்தச் செலவில் போய் ஏற வேண்டும், அதற்கு பாஸ்போர்ட் வேண்டும். பல கப்பல்களில் யாரும் வராத பட்சத்தில் அறைப் பெட்டகத்திலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், ஆனால் அதை நம்பியிருக்காமல் பாஸ்போர்ட், விசாப் பக்கங்களின் படத்தைக் கைபேசியிலும், அன்றாட மாத்திரைகளில் இரண்டு நாளுக்கானதைப் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் 113, போலீஸ் 112, உயிருக்கு ஆபத்தில்லாத அவசர மருத்துவத்துக்கு 116117.

கைபேசிக் கட்டணம் ஏகத்துக்கு வந்துவிட்டது என்கிறார்களே?

அது கரையில் வந்ததல்ல, கப்பலில் உள்ள கடல்வழி நெட்வொர்க்கில் கைபேசி தானாக இணைந்ததால் வந்தது. ரோமிங் திட்டங்களில் பெரும்பாலும் அது சேராது. கப்பலில் ஏறியதும் கைபேசியை ஏர்பிளேன் மோடுக்கு மாற்றி, வைஃபையை மட்டும் திறங்கள்.

நனைந்த ஷூ மறுநாளைக்குள் காயுமா?

உள்பாதத்தைத் தனியாக உருவி எடுத்து, ஷூவுக்குள் கசக்கிய காகிதத்தை அடையுங்கள். ஒரு மணி நேரத்தில் அது ஈரத்தை உறிஞ்சியதும் எடுத்துவிட்டுப் புதுக் காகிதம். தினசரித் தாள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் இதற்கு உதவும். ஹேர் டிரையரை நேரே வைத்துச் சூடாக்கினால் பசை விட்டுப்போகும். ஜாக்கெட்டைக் குளியலறைக் கொடியில் தொங்கவிட்டு வெளியேற்றும் விசிறி ஓடும்படி கதவைச் சற்றே திறந்து வையுங்கள். பால்கனியில் போடாதீர்கள், காயாது, கிளம்பியதும் காற்றில் போய்விடும்.